நீல விளக்குக் கெட்டில்

குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குச் 'செக்கிங் அக்கா' என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் எல்லாம் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொரு பொத்தானையும் ஒரு இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். குழந்தை வாயில் போட்டுச் சப்பினாலும் பொத்தான் கழன்று வரக் கூடாது. லேசாக ஆட்டம் கண்டாலே போதும், சட்டை சிவப்புக் கூடைக்குப் போய்விடும். தையல் பெண்கள் கெஞ்சுவார்கள், கொஞ்சுவார்கள், முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். அவள் அசைய மாட்டாள். சந்தேகம் என்று வந்துவிட்டால் அது கழிவுதான் என்பாள். அந்தக் கண்டிப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. வீட்டிலும் தம்பிக்கு அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கா. ஆகவே நாமும் அக்கா என்றே சொல்வோம்.

அக்காவிடம் ஒரு கெட்டில் இருந்தது. மின்சாரத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கண்ணாடிக் கெட்டில். தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் அடியில் ஒரு நீல விளக்கு எரியும். குமிழ்கள் ஒவ்வொன்றும் நீலத்தைப் பூசிக்கொண்டு மேலே வரும். வாங்கிய புதிதில் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், மேல் விளக்கை அணைத்துவிட்டு அந்தக் காட்சியைக் காட்டுவாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், டிக்கெட் போட்டால் நல்ல வசூல் ஆகும் என்று கேலி செய்வார். அது வந்த அட்டைப்பெட்டியைக்கூட அக்கா கசங்காமல் பரணில் வைத்திருந்தாள்.

தம்பிக்குக் கல்யாணமாகி, மனைவியோடு முதல்முறை விருந்துக்கு வந்தபோதும் அந்தக் காட்சி நடந்தது. தம்பி மனைவி ஓர் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். வெடவெடவென்று உயரம், நடையில் துள்ளல், எதையும் சத்தமாகச் செய்கிற பெண். விளக்கை அணைத்ததும் குழந்தை மாதிரிக் கைதட்டினாள். "தண்ணி கொதிக்கிறது இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது அண்ணி" என்றாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தம்பி நல்ல பெண்ணாகத்தான் பிடித்திருக்கிறான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

மோகம் முப்பது நாள், ஆசை அறுபது நாள் என்பது மனிதர்களுக்கு மட்டும் சொன்னதல்ல. கெட்டிலின் மூடி தளர ஆரம்பித்தது. பாதிக்கு மேல் சாய்த்தால் 'டப்'பென்று திறந்துகொள்ளும். ஒருமுறை கொதிநீர் மேடையெல்லாம் கொட்டி, அக்கா துள்ளிக் குதித்துப் பின்வாங்கியதால் கால் தப்பியது. கணவர் மூடியின் கீலில் பசை தடவி ஒட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நின்றது, பிறகு மறுபடி ஆடியது. மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊற்றிப் பார்த்தாள். அந்தச் சள்ளைக்கு அடுப்பும் பாத்திரமுமே மேல் என்று தோன்றவே, கெட்டிலைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். மேடையில் அதைக் காணாத கணவர், பழைய சாமான்காரரிடம் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

தம்பியும் மனைவியும் முதலில் அம்மாவோடு இருந்தார்கள். அங்கே அந்தப் பெண்ணின் கைபட்டு ஒரு கண்ணாடி ஜாடி போயிற்று, ஒரு கதவுப் பிடி கையோடு வந்தது, அம்மா ஆசையாக வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று நான்காயிற்று. அம்மா அவளுக்குப் 'புயல்' என்று பெயர் வைத்தாள். அவள் சமையலறைக்குள் போனால், "புயல் மையம் கொண்டாச்சு, கண்ணாடிச் சாமானெல்லாம் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கப்பா" என்று கூடத்திலிருந்து அறிவிப்பு வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவள் எப்படிச் சிரித்தாள் என்று யாரும் கவனித்துப் பார்த்ததில்லை.

தம்பிக்கு அக்காவின் ஊரிலேயே வேலை கிடைத்தது. இரண்டு அறை வீடு ஒன்று பார்த்துத் தனிக்குடித்தனம் வந்தார்கள். தம்பி மனைவிக்கும் ஒரு பெரிய அழகு நிலையத்தில் இடம் கிடைத்தது. இரண்டு மாதம் வேலை பார்த்துக் காட்டினால் நிரந்தரமாகச் சொந்த நாற்காலி தருவதாக முதலாளி அம்மாள் சொல்லியிருந்தாள். புது வீட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டே இருந்தாள். தொழிற்சாலையில் ஏற்றுமதி அவசரம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, அவர்கள் கூப்பிட்ட நாளும் வந்துவிட்டது. கடைக்குப் போக நேரமில்லை. அண்ணாந்து பார்த்தாள். பரணில் பெட்டி தெரிந்தது.

மற்றதெல்லாம் கைகள் தாமாகச் செய்த மாதிரி இருந்தது. கெட்டிலை வினிகர் விட்டுக் கழுவினாள். மூடியை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தாள். நின்றது. சாய்த்துப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு நாளும் செய்யாத வேலை அது, பாதிச் சோதனையோடு விடுவது. அந்தப் பெண் ஆசைப்பட்ட பொருள்தானே, ஆசைப்பட்டதைக் கொடுப்பதுதானே பரிசு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். பெட்டியின் வாயைப் புது டேப்பால் ஒட்டினாள். கணவருக்கு அன்று வேலை. அவள் மட்டும்தான் போனாள்.

பெட்டியைப் பிரித்த தம்பி மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணி, உங்களோடது மாதிரியே தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கீங்க" என்றாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னுடையதுதான், மூடி கொஞ்சம் தளர்வு, பார்த்து ஊற்று என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் அப்போதும் சந்தோஷமாகத்தான் வாங்கியிருப்பாள். அக்கா சொன்னது வேறு.

"உனக்குப் பிடிச்சிருந்துச்சேம்மா."

அது பொய்கூட இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் தம்பி போன் செய்தான். மனைவி கையில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டிவந்துவிட்டேன் என்றான். எப்படி என்று அக்கா கேட்டாள். கெட்டிலிலிருந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றும்போது மூடி பிய்த்துக்கொண்டு வந்துவிட்டதாம். "உனக்குத்தான் தெரியுமே அக்கா, அவ எதையும் மெதுவா தொட மாட்டா" என்று அலுத்துக்கொண்டான்.

பழங்கள் வாங்கிக்கொண்டு ஓடினாள். தம்பி மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வெள்ளைக் கட்டு. ஃபிளாஸ்க்கைப் பிடித்திருந்த கை. அக்காவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். வலியைச் சொல்வாள் என்று பார்த்தால், மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தது அண்ணி. அதை நாலு நாள் ஒழுங்கா வச்சுக்கத் தெரியல எனக்கு. மூடியை அழுத்தி மூடிட்டேன் போல."

அறையில் வேறு யாரும் இல்லை. தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அக்காவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"போகட்டும் விடு" என்றாள். "இனிமே பாத்துப் புழங்கும்மா."

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. அந்தப் பெண்ணோ நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாள்.

சேதி அம்மாவுக்குப் போயிற்று. புயல் கடைசியில் தன்மேலேயே கரையைக் கடந்துவிட்டதா என்று அம்மா போனில் கேட்டாள். கேலிதான், ஆனால் அடியில் வருத்தமும் இருந்தது. அக்கா 'ம்' கொட்டினாள்.

முடி வெட்டுகிறவளுக்கு வலது கையில் கத்தரி, அவ்வளவுதான். முடியைப் பிரிப்பது, விரலிடுக்கில் பிடிப்பது, அளவு பார்ப்பது எல்லாம் இடது கை. தோல் ஆறி விரல் மடங்க நாளாகும் என்றார் டாக்டர். அழகு நிலையத்து முதலாளி அம்மாள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலியை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். வேண்டுமானால் துண்டு மடித்துக் கொடுக்க வரலாம் என்று சொல்லி அனுப்பினாள். அதைச் சொல்லும்போதும் தம்பி மனைவி முதலாளியைக் குறை சொல்லவில்லை. தன் ராசி அப்படி என்றாள்.

அக்கா பரிகாரத்தில் இறங்கினாள். தொழிற்சாலை விட்டதும் நேரே அங்கே போவாள். சமைப்பாள், துணி துவைப்பாள், அந்தப் பெண்ணுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாள். ஒரு கையால் பாத்திரத்தை எடுக்கப் போனால் அதட்டி உட்கார வைப்பாள். அக்கம்பக்கத்தார், இப்படி ஒரு நாத்தனார் யாருக்கு வாய்க்கும் என்றார்கள். பின்னிக்கொண்டிருந்த ஒரு மாலையில் தம்பி மனைவி, பெற்ற அம்மாகூடத் தன்னை இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்றாள். அக்காவின் விரல்கள் பின்னலில் நின்றுவிட்டன. அந்த நன்றி அவள் உச்சந்தலையில் கொள்ளிக்கட்டை வைத்த மாதிரி எரிந்தது. ஆனாலும் அவள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள். திருட்டுச் சாமானை வாங்கிப் பதுக்குகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்து 'சீ' என்றிருக்கிறாள். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இப்போது கண்ணாடியைப் பார்த்தாலே போதும்.

தொழிற்சாலையில் இடுக்கி கையில் கனத்தது. ஒரு தையல் பெண், இந்த ஒரு பொத்தானை விட்டுவிடுங்கள் அக்கா, லேசான ஆட்டம்தானே என்று கெஞ்சினாள். வழக்கமாக ஒரு பிரசங்கம் நடக்கும். அன்று ஒன்றும் பேசாமல் சட்டையைக் கூடையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

கட்டுப் பிரித்த பிறகு வந்த விடுமுறை நாளில் தம்பியையும் மனைவியையும் அக்காவின் கணவர் சாப்பிடக் கூப்பிட்டார். புதுத்தோல் ரோஜா நிறத்தில் இழுத்துக்கொண்டிருந்த கையைத் தம்பி மனைவி துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். தம்பி கையில் ஒரு பை. உள்ளே கெட்டிலும் தனியாகக் கழன்ற மூடியும். அக்கா சமையலறையிலிருந்து தட்டுகளோடு வந்தபோது அதைக் கூடத்து மேசையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்த மூடியைச் சரி பண்ண முடியுமான்னு பாருங்க. தூக்கிப் போடலாம்னா இவ விட மாட்டேங்கிறா. அக்கா குடுத்ததாம்."

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியை வெளிச்சத்தில் பிடித்தார். மெக்கானிக் கை அது, உடைந்த பொருள் கிடைத்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். கீலை நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "அட, இது நான் ஒட்டின பசைல்ல?" என்றார் சிரித்துக்கொண்டே. லிஃப்ட் கதவு ரப்பருக்குப் போடுகிற பசை, மஞ்சளாகத்தான் காயும், வேறு எங்கேயும் கிடைக்காது என்று விளக்கம் வேறு சொன்னார். "நம்ம பழைய கெட்டில்தானே இது? திறந்து திறந்து கொட்டுதுன்னு நீ பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன்னுல்ல நினைச்சேன்."

அவர் சிரிப்போடு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

தம்பி எதுவும் புரியாமல் மூடியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். தம்பி மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கோபப்படவில்லை. கேள்விதான் கேட்டாள், கடையில் விலை கேட்பதுபோல.

"கொட்டும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

ஒட்டியது தாங்கும் என்று நினைத்தேன், அவசரத்தில் பார்க்கவில்லை, என்று இரண்டு மூன்று பதில்கள் அக்காவின் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. எல்லாம் ஆடும் பொத்தான்கள்.

"தெரியும்" என்றாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கும்?"

"அன்னிக்கும் தெரியும்."

தம்பி மனைவி துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்தாள். யாருக்கும் காட்டவில்லை, தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தனை நாளா இந்தக் கையைத்தான் திட்டிட்டு இருந்தேன்" என்றாள்.

எழுந்து போயிருந்தால் தேவலை. அவர்கள் போகவில்லை. சோறு பரிமாறியாகிவிட்டது, எழுந்து போவது அந்தப் பெண் வளர்ந்த விதத்தில் இல்லை. நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமா என்று கணவர் கேட்டார். தம்பி மனைவி வேண்டாம் என்றாள். தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வர்றோம் அண்ணா" என்று கணவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு அவள் செருப்பை மாட்டினாள்.

அவர்கள் போன பிறகு கணவர் திட்டுவார் என்று அக்கா காத்திருந்தாள். அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் அரைகுறையாக ஒட்டியதுதான் தப்பு, அன்றைக்கே உடைத்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும் என்றார். கை சுட்டவள் தன் கையைத் திட்டினாள். ஒட்டியவர் தன் பசையைத் திட்டுகிறார். ஆளாளுக்குப் பழியைப் பங்கு போட்டு எடுத்துக்கொள்ள, பழிக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் இத்தனை நாள் பாராட்டு. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை.

அடுத்த விடுமுறைக்குத் தனியாகப் போனாள். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. தம்பி கதவைத் திறந்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டான். தம்பி மனைவி உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையில் அழுத்திக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்குப் போக நேரமில்லாதது, வினிகர், டேப், சாய்த்துப் பார்க்காமல் விட்டது, பார்த்துப் புழங்கு என்று புத்தி சொன்னது, தலை பின்னும்போது வாயடைத்துப் போனது வரை. மன்னித்துவிடு என்ற சொல்லைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தாள். அதற்குள் அந்தப் பெண் பேசினாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. அத்தைகிட்ட யார் சொல்றது?"

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை.

"தட்டை உடைச்சது நான்தான் அண்ணி. ஜாடியும் நான்தான். அதுக்குப் புயல்னாங்க, சரின்னேன். ஆனா என் வேலை போனதுக்கும் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க. போன வாரம்கூட யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சிருக்காங்க."

குரல் உயரவில்லை. பந்து மட்டும் நசுங்கியது. அக்கா போனை எடுத்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு அம்மாவுக்குப் பயப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். ஒலிபெருக்கியை அழுத்தி, போனை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு, பழசைக் கொடுத்தால் என்ன, வீட்டுக்குள்ளே பழசு புதுசு பார்ப்பார்களா என்றாள். பிறகு மகளுக்காகக் கட்சி கட்டத் தொடங்கினாள். எந்தக் கெட்டிலாக இருந்தாலும் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துத்தானே ஊற்ற வேண்டும், அந்தப் பெண்ணுக்குக் கை ஒரு இடத்தில் நிற்காது, நீ ஏன் உன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்றாள். ஒவ்வொரு சொல்லும் அந்த அறையில் தெளிவாகக் கேட்டது. எதிரில் இருந்தவள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் கொடுத்த அந்த நிழலுக்குள் ஒதுங்கிக்கொள்ள இன்னமும் அக்காவுக்கு ஆசையாக இருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கேவலமாகப் பட்டது.

"இல்லம்மா" என்றாள். "அவ சரியாத்தான் ஊத்தினா. கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சும் புதுசுன்னு ஏமாத்திக் குடுத்தது நான். அவளுக்கு வேலை போனது என்னால. இனிமே அவளைப் புயல்னு சொல்லாத. சொல்லணும்னா என்னைச் சொல்லு."

அந்தப் பெண் பக்கத்தில் இருக்கிறாளா என்று அம்மா மெல்லக் கேட்டாள். இருக்கிறாள் என்றதும், சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

தம்பி மனைவி எழுந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்ததா என்று அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கும் உரிமை இல்லை என்று தோன்றியது. இனி சமைக்க, துவைக்க வர வேண்டாம், தன்னால் முடிகிறது என்று தம்பி மனைவி சொன்னாள். மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் சொன்னாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அம்மா அந்தப் பெயரை நிறுத்தினாள். மருமகளிடம் போனில் ஏதோ பேசினாள் என்றும், என்ன பேசினாள் என்று இருவருமே சொல்லவில்லை என்றும் தம்பி சொன்னான். அவன் அக்காவிடம் மறுபடி பேசத் தொடங்க மழைக்காலம் வரவேண்டியிருந்தது. தொழிற்சாலையில் அக்கா அதே மேசையில், அதே இடுக்கியோடு இருந்தாள். பிரசங்கம் மட்டும் நின்றுபோனது. தையல் பெண்கள் கொஞ்சினால், எனக்கும் தப்பு நடக்கும், அதனால்தான் இழுத்துப் பார்க்கிறேன் என்பாள்.

பல மாதம் கழித்துத் தம்பி மனைவிக்கு ஊரின் மறுகோடியில் வேறொரு அழகு நிலையத்தில் சொந்த நாற்காலி கிடைத்தது. அந்தச் சேதி அக்காவுக்கு அம்மா மூலமாகத்தான் வந்தது. முன்பென்றால் முதல் போன் அவளுக்கு வந்திருக்கும். கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. கூடவே சுருக்கென்றும் குத்தியது. ரொம்ப சந்தோஷம்மா என்று ஒரு செய்தி அனுப்பினாள். மாலையில் பதில் வந்தது.

'நன்றி அண்ணி.'

இன்னும் ஏதாவது வருமா என்று போனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. கிடைத்ததே அதிகம் என்று நினைத்துக்கொண்டு, போனை வைத்துவிட்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.